பெரிய வீடா, காரைக்குடி வாடகை வீடா: எழுபதுக்கு மேல் எது தாங்கும்?

2010-இல், 58 வயதில், அரசுப் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கையோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீகப் பெரிய வீட்டுக்குக் குடிவந்தோம். 2023-இல் காரைக்குடியில், தரைத்தளத்தில் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மாறினோம். இரண்டிலும் இருந்து பார்த்துச் சொல்கிறேன்: எழுபது தாண்டினால் சின்ன வீடுதான் சரி.

பெரிய வீட்டின் அருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சித்திரை வெயிலிலும் குளுமை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு உறவெல்லாம் கூட இடம், வாடகை கிடையாது. காரைக்குடியில் மருந்துக்கடையும் மருத்துவமனையும் பக்கம், மாதம் பிறந்தால் வாடகை.

ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. அறுபதுகளில் எங்கள் பணம் காசி, ராமேஸ்வரம், கல்யாணச் செய்முறை என்று போனது. எழுபதில் இதெல்லாம் தானாகக் குறைந்தது, மருந்துச் செலவு ஏறியது. குறையவே குறையாதது ஓடு மாற்றும் செலவு.

நாட்டு ஓட்டை ஐப்பசி மழைக்கு முன் பிரித்துப் பார்த்து, உடைந்ததை மாற்ற வேண்டும். குரங்கு ஒருமுறை ஓடினால் போதும், பத்து ஓடு போய்விடும். பழைய அளவில் ஓடு வேண்டுமென்றால், எங்காவது வீடு இடிக்கிறார்களா என்று விசாரித்து வாங்க வேண்டும். அறுபதில் நானே ஏணி ஏறிப் பார்ப்பேன். 69-இல் முழங்கால் விட்டுவிட்டது. கொத்தனார் சொன்னதுதான் கணக்கு என்றானது. 2021 மழையில் ஒரு ராத்திரி இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில், சொட்டுச் சத்தம். என் மனைவி எழுந்து பித்தளை அண்டாவை வைத்தாள். காலையில் அந்த இடத்துச் சட்டத்தை விரலால் அழுத்தினேன். பர்மா தேக்கு, மாவாக உதிர்ந்தது. உள்ளே கரையான்.

வீடு ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு பங்காளிக் குடும்பங்களுக்கு, பொது. குடியிருப்பவர்தான் முதலில் பணம் போட்டு வேலையை முடிக்க வேண்டும், பிறகு பங்காளிகளிடம் வசூலிக்க வேண்டும். வந்தது பாதி, வராதது பாதி. அவசரம் என்றாலும் நம் பங்கை மட்டும் விற்றுக் காசாக்குவது நடைமுறையில் கஷ்டம். முழு வீட்டையும் விற்க எல்லோரும் ஒப்ப வேண்டும். வீட்டு வேலைச் செலவில் என் பங்கை இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் அது ஆறில் ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்கென்று கையில் வைத்திருந்த 15 லட்சத்தை 2023-இல் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 8.2 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய். வாடகைக்கும் மருந்துக்கும் ஆகிறது. ஐந்து வருடக் கணக்கு. முடிகிறபோது வட்டி என்னவாக இருக்குமோ. ஓய்வு பெற்றபோது கம்யூட் செய்த, அதாவது மொத்தப் பணமாக முன்பே வாங்கிக்கொண்ட, ஓய்வூதியப் பகுதியும் 15 வருடம் முடிந்து 2025-இல் ஓய்வூதியத்தோடு திரும்பச் சேர்ந்தது.

எண்பதுக்கு மேல் எப்படி என்று அனுபவித்துச் சொல்ல என்னால் ஆகாது. உடன்பிறந்த ஆச்சிக்கு, என் அக்காவுக்கு, 84 வயது. துணைக்கு ஆள் வைத்திருக்கிறோம். மற்ற எல்லாச் செலவையும்விட அந்தச் சம்பளம்தான் பெரிது. எனக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், அது அந்தச் சம்பளத்துக்குக் காணாது. அதற்காகவே அஞ்சலகத்தில் போட்ட அசலில் கை வைக்காமல் இருக்கிறேன்.

இன்னும் அறுபதுகளில் இருந்து, உடம்பும் தெம்பாக, பங்காளிகளும் ஒற்றுமையாக இருந்தால் பெரிய வீட்டில் தாராளமாக இருங்கள். அந்தப் பதின்மூன்று வருடத்தை நான் நஷ்டம் என்று சொல்லவே மாட்டேன். பொங்கலுக்கு இப்போதும் அங்கேதான் போகிறோம். முகப்புச் சாவி ஒன்று என்னிடமே இருக்கிறது.