கொணவட்டத்தில் கிரவுன் செட் மாற்றினேன்

போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்கு சிமெண்ட் ஏற்றிப் போய், திரும்பும்போது புளி மூட்டையோடு வேலூர் லாங்கு பஜாருக்கு வருகிற பழைய மினி லாரி என்னுடையது. பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் வேறு சுருதி. முதலில் போன பட்டறையில் (பெயர் வேண்டாம்) ஆக்சிலுக்குள் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றி, அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான "கிரவுன் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டே மாதம். சத்தம் திரும்பியது, கூடவே ஆயிலில் இரும்புச் சில்லு.

அப்புறம்தான் வேலூர் கொணவட்டத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். பல்லில் பொறித்த நம்பரைத் துடைத்துக் காட்டினார். கிரவுனில் ஒன்று, பினியனில் வேறொன்று. "ரெண்டையும் ஒண்ணா தேய்ச்சு ஜோடி சேக்கறாங்க தம்பி. ஒண்ணை மட்டும் மாத்தினா இன்னாத்துக்கு ஆவும்?"

செட்டாக மாற்றுவது என்று ஆனதும் எனக்கு ஆசை வந்தது. இருப்பது 41க்கு 8, அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 8. 41க்கு 9 போட்டால் பெங்களூரு ரோட்டில் டீசல் மிச்சம் என்று நண்பன் ஏற்றிவிட்டிருந்தான். பாய் மறுக்கவில்லை. அதே வேகத்தில் இஞ்சின் சுற்று ஒன்பதில் ஒரு பங்கு குறையும், சக்கரத்தின் இழுவையும் அதே அளவு குறையும், புளியோடு மலை இறங்கும்போது வண்டியை இழுத்துப் பிடிக்கும் இஞ்சின் பிடிப்பும் குறையும் என்றார். "மாசத்துல எத்தன நாள் நீ பெங்களூரு ரோட்டுல ஓட்ற?" நாலு நாள். சரி, பழைய 41க்கு 8 போதும் என்றேன்.

அவர் வேலை செய்த விதம்தான் பார்க்க வேண்டியது. பல்லில் சிவப்பு மசை தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். நுனிப் பக்கம் விழுந்தது. கழற்றி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றினார், மறுபடி கழற்றினார், மூன்றாவது தடவைதான் தலையாட்டினார். பல்லிடை ஆட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து முடிக்காமல் டயல் கேஜ் என்ற முள் வைத்த அளவுக் கருவியால் அளந்தார்.

குறையும் உண்டு. இரண்டு நாள் என்றது நாலு நாளாகிவிட்டது. பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். உட்கார ஒரு பெஞ்சு கிடையாது.

முதல் 500 கிலோமீட்டர் லோடு குறைவாக ஓட்டிவிட்டு ஆயில் மாற்றப் போனேன். வடிகால் பிளக்கின் காந்தத்தை விரலால் வழித்து என் உள்ளங்கையில் தடவினார். மை மாதிரி மெல்லிய தூள்தான், சில்லு ஒன்றும் இல்லை. ஆயிலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.