பூ மார்க்கெட் கமிஷன் கடைக்குப் பைத்தான் டிக்‌ஷனரி போதுமா?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு அன்றாடம் வேண்டிய கணக்கு இரண்டு: எந்தப் பூ என்ன விலை, எந்த விவசாயி எத்தனை கிலோ போட்டார். இரண்டுக்கும் பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் டிக்‌ஷனரி அப்படியே பொருந்துகிறது, செலவும் இல்லை. அதில் ஒவ்வொரு கீயோடும் (தேடும் சொல்) ஒரு வேல்யூ (அதற்கான மதிப்பு) இருக்கும்: பூவின் பெயர் கீ, கிலோ விலை வேல்யூ. மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று இருபது பெயர் இருந்தாலும் இருபதாயிரம் இருந்தாலும் ஒன்றைத் தேடி எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்க்காமல், கீயிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணை வைத்து நேராக அந்த இடத்துக்கே போய்விடும். 3.7 பதிப்பிலிருந்து சேர்த்த வரிசையும் மாறாது. சீட்டில் மல்லி முதலில் வர வேண்டுமா, முதலில் சேருங்கள்.

பலர் சறுக்குவது, கீ இல்லாவிட்டால் நாம் சொல்லும் மதிப்பைத் தரும் கெட் மெத்தடில். இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குறியில் கேட்டால் கீ எரர் வந்து புரோகிராம் நிற்கிறதே என்று எங்கு பார்த்தாலும் கெட் போட்டு, கிடைக்காவிட்டால் 0 என்று எழுதிவிடுகிறார்கள். விலைப் பட்டியலில் 'பிச்சி' இருக்க, சீட்டில் 'பிச்சிப்பூ' என்று தட்டினால் எட்டு கிலோவுக்கு 0 ரூபாய் பில் சத்தமில்லாமல் வரும். விலைக்குச் சதுர அடைப்புக்குறிதான் சரி. நிற்கட்டும், தவறு அங்கேயே தெரியட்டும். எடையைக் கூட்டும்போது மட்டும் கெட் போடலாம்: பழைய எடை இல்லாவிட்டால் 0, அதோடு இப்போது வந்த எடை. இல்லாத கீக்குத் தானே ஆரம்ப மதிப்பு போடும் டிஃபால்ட்டிக்ட் என்ற வகை இதைச் சுருக்கமாகச் செய்யும். ஆனால் சதுர அடைப்புக்குறியில் சும்மா எட்டிப் பார்த்தாலே அந்தப் பெயரைச் சேர்த்துவிடும். பூவே கொண்டுவராத விவசாயி 0 கிலோவோடு பட்டியலில் நிற்பார்.

தமிழில் கீ வைப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது இன்னொன்று. திரையில் ஒரே மாதிரி தெரியும் 'ரோஜா' உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம். ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தால் நீளத்தைச் சொல்லும் லென் 4 என்று காட்டும். இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இருந்தால் 5. டிக்‌ஷனரிக்கு இவை வேறு வேறு பூக்கள்! விலை ஒன்றில் ஏறியிருக்கும், தேடுவது மற்றொன்றை. கோழிக்கொண்டைக்கும் இதே கதிதான். ஒகர, ஓகார, ஔகாரக் குறி வரும் எந்தப் பெயரும் தப்பாது. பெயரை உள்ளே வாங்கும் இடத்தில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில் ஓட்டுங்கள். கூடவே முன்பின் வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் போடுங்கள், எக்செல்லிலிருந்து ஒட்டும் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். இதைத் தனி ஃபங்ஷனாக எழுதி, சேர்க்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாகவே போக வேண்டும்.

விவசாயியின் பெயரை மட்டும் கீயாக வைக்காதீர்கள். உசிலம்பட்டியில் ஒரு பாண்டி, மேலூரில் ஒரு பாண்டி இருப்பார்கள். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை எச்சரிக்கையே இல்லாமல் அழித்துவிடும். பெயரையும் ஊரையும் டியூபிளாக (மாற்ற முடியாத தொகுப்பாக) சேர்த்துக் கீ வைக்கலாம். லிஸ்ட்டாக (மாற்றக்கூடிய பட்டியலாக) வைத்தால் ஏற்காது, டைப் எரர் வரும். ஆளுக்கொரு எண் கொடுப்பது இதைவிட உறுதி.

அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. புரோகிராமை மூடினால் டிக்‌ஷனரி போய்விடும் என்பதால் ஜேசான் என்ற எழுத்து வடிவக் கோப்பில் எழுதி வைப்போம். மறுநாள் திறந்தால் 47 என்ற எண் '47' என்ற எழுத்தாகத் திரும்பி வரும், 47ஐத் தேடினால் கீ எரர். படித்ததும் இன்ட் போட்டு எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். டியூபிள் கீயை ஜேசான் எழுதவே எழுதாது. எழுதும்போது என்ஷூர் ஆஸ்கி என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று வைக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கோப்பில் படிக்க முடியாத குறியீடுகளாக விழும்.

முகூர்த்த நாளில் மல்லி விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. டிக்‌ஷனரி கடைசி விலையை மட்டுமே வைத்திருக்கும், ஆகவே பில் போடும்போதே அப்போதைய விலையைப் பில்லில் எழுதிவிடுங்கள். மாதக் கணக்கைத் தேதிவாரியாகப் புரட்ட வேண்டி வந்தால் பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றலாம். அன்றைய விலைப் பட்டியல் அப்போதும் டிக்‌ஷனரியிலேயே இருக்கட்டும்.