மங்கீஸ்: 1966-இன் திங்கள் இரவா, 1986-இன் மறுஒளிபரப்பா?

நான்கு இளைஞர்களின் ராக் இசைக்குழுவை வைத்து எடுத்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'தி மங்கீஸ்'. என்பிசி தொலைக்காட்சி இதை 1966 செப்டம்பர் 12 முதல் திங்கட்கிழமை இரவு ஏழரை மணிக்குக் காட்டியது. 1967-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் வந்தது. ஆனாலும் 58 அத்தியாயங்களோடு 1968-இல் நிறுத்திவிட்டார்கள். வாரம் ஒருமுறைதான், தவறவிட்டால் மறுஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும்.

இசை அலைவரிசையான எம்டிவி 1986 பிப்ரவரியில் செய்தது வேறு: ஒரே ஞாயிறில் அத்தியாயங்களை வரிசையாக ஓடவிட்டது. முதல் ஒளிபரப்பின்போது பிறந்தே இராத பிள்ளைகள் ரசிகர்களானார்கள். பழைய இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறின. தொடரில் நடித்த நால்வரில் டோலென்ஸ், டார்க், ஜோன்ஸ் மூவரும் அதே ஆண்டு சுற்றுப்பயணம் கிளம்பினார்கள்.

எனக்கு 1986 பக்கம்தான் மனம் சாய்கிறது. கதையை நிறுத்தி நடுவே பாட்டுக்கு ஓடியாடும் அந்தக் காட்சிகள், இசைக் காணொளிகளையே காட்டிய அலைவரிசையில் சொந்த வீட்டுக்கு வந்தது போலப் பொருந்தின.

இடையில் சிபிஎஸ் என்ற இன்னொரு தொலைக்காட்சி இதைச் சனிக்கிழமைகளில் காட்டியபோது சில அத்தியாயங்களில் பாடல்களையே மாற்றிவிட்டார்கள். முதலில் ஒலித்த பாட்டோடு பார்க்க வேண்டுமென்றால் என்பிசி வடிவத்தையே தேடுங்கள்.