ஸ்க்ரூட்ரைவர் வரைக்கும் நான், ஸ்பானர்னா மெக்கானிக்: கேஸ் அடுப்பு பர்னர், இக்னிஷன் ரிப்பேர் ஒரு அலசல்

நாபைத் திருகினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, தீ வரலை. இல்லைன்னா தீ வருது, ஆனா பாதி வட்டம் எரியுது மீதி பாதி செத்துக் கிடக்குது. இதுல ஒண்ணு வந்தாலே வீட்ல ரெண்டு கட்சி ஆயிடும், "ஆளைக் கூப்பிடு"ன்னு ஒரு கட்சி, "இதுல என்ன பெரிய வித்தை, நானே கழட்டுறேன்"னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி, பல வருஷமா. ஆனா ஒரு தடவை தையல் ஊசியை ஜெட் ஓட்டைக்குள்ள, அதாவது பர்னருக்கு அடில கேஸ் வர்ற குட்டித் துவாரத்துக்குள்ள விட்டு குடைஞ்சு, முனை உள்ளேயே உடைஞ்சு நின்னு, கடைசில முதல் கட்சி சொன்ன ஆளைத்தான் கூப்பிட வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கிட்டேன்: கையால தூக்கி எடுக்கறது, ஸ்க்ரூட்ரைவரால கழட்டறது வரைக்கும் நான் பண்ணுவேன், ஸ்பானர் தேவைப்பட்டா அது என் வேலை இல்லை. அந்தக் கோட்டை வச்சுத்தான் கீழ எல்லாத்தையும் எடை போட்டிருக்கேன்.

முதல்ல கழுவறதா மாத்தறதா. பாதி வட்டம் எரியுற பர்னருக்கு பெரும்பாலும் புதுசு தேவையே இல்லை. ஏதோ பொங்கி வழிஞ்சு, அது ஓட்டைல காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கும், அவ்வளவுதான். பர்னர் தலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, எந்த ஓட்டைல வெளிச்சம் வரலையோ அந்தப் பக்கம்தான் தீ செத்துருக்கும். எப்ப மாத்தணும்னா, ஓட்டைங்க தேஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாயிட்டா, விளிம்பு அரிச்சுப்போய் மூடி ஆடுச்சுன்னா, இல்ல விரிசல் விட்டிருந்தா. பெருசான ஓட்டை வழியா தீ உள்ள இறங்கி ‘டப்’புனு சத்தத்தோட உள்ளேயே எரிய ஆரம்பிக்கும், அந்த பர்னரை எவ்வளவு தேய்ச்சாலும் பிரயோஜனம் இல்லை. ஆனா அதே ‘டப்’ சத்தம் மூடியைக் கோணலா வச்சாலும் வரும், அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி மூடியைத் தூக்கி ஒழுங்கா உட்கார வச்சுப் பாருங்க.

எதை வச்சுக் கழுவறதுங்கறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, ஏன்னா பர்னர் என்ன உலோகம்னு பார்க்கறதே இல்லை. பித்தளை பர்னர் கனமா இருக்கும், கறுத்துப்போகும், ஆனா அடி தாங்கும். அதை கடுமையான ஆசிட்ல போட்டா மட்டும் உள்ள இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு மேல செம்பு நிறத்துல பொரிஞ்சு வரும், பளபளன்னு ஆயிடுச்சுன்னு சந்தோஷப்படறது அந்த நிறத்தைப் பார்த்துத்தான், உண்மைல அது பர்னர் கரையுற அடையாளம். அலுமினியம் லேசு, விலையும் குறைவா இருக்கும், அதுக்கு ஆசிட் மட்டும் இல்லை, காரமும் எதிரி. பாத்திரம் கழுவற மெஷின்ல போட்டா அந்தப் பவுடர்ல இருக்கிற காரம் பட்டு கறுத்து சொரசொரன்னு ஆயிடும். எல்லா வீடியோலயும் சோடாமாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டி நுரை பொங்கறதைக் காட்டறாங்களே, பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு கடைசில மிஞ்சறது உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணு. வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, ஒரு மணி நேரம் ஊறல், பழைய டூத்பிரஷ். ரெண்டு உலோகத்துக்கும் இதுவே போதும், மத்ததெல்லாம் விளம்பரம்.

ஓட்டை குத்தறதுக்கு டூத்பிக், ஊசி, மெல்லிசு கம்பி மூணும் போட்டிக்கு நிக்குது. டூத்பிக் முனை ஈரத்துல ஊறி ஓட்டைக்குள்ளயே ஒடிஞ்சு நிக்கும், அதோட அது முடிஞ்சுது. பர்னர் தலைல இருக்கிற பெரிய ஓட்டைக்கு ஊசியோ சேஃப்டி பின்னோ தாராளமா போதும். ஜெட் வேற விஷயம். பர்னரைத் தூக்கினா கீழ பித்தளைல குட்டியா ஒரு ஓட்டை தெரியும், அது ஒரு மில்லிமீட்டரைச் சுத்தி இருக்கிற, பல மாடல்ல அதைவிடவும் சின்ன ஓட்டை, எவ்வளவு கேஸ் வரணும்னு தீர்மானிக்கறதே அதோட அளவுதான். எஃகு ஊசி பித்தளையைவிட கெட்டி, குடைஞ்சா ஓட்டை பெருசாகும், கேஸ் அதிகமாகும், தீ மஞ்சளாகும், பாத்திரத்து அடி கரியாகும். நான் இப்ப பண்றது, ஒயர் ஒண்ணை உரிச்சு அதுக்குள்ள இருக்கிற செம்பு இழை ஒண்ணை மட்டும் எடுத்து, கழட்டாமலே மேல இருந்து ஒரு தடவை இறக்கி ஏத்தறது, அவ்வளவுதான், திருகறது குடையறது கிடையாது. அதுக்கும் சரியாகலைன்னா ஜெட்டைக் கழட்டணும், கழட்ட ஸ்பானர் வேணும், அங்க நான் நின்னுடுவேன்.

கழுவினது நல்லா காயணும். ஓட்டைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் தீ ஆரஞ்சா துள்ளும், பத்தவும் அடம் பிடிக்கும், வேலையைக் கெடுத்துட்டோம்னு பயந்து மறுபடி கழட்டிடாதீங்க.

தீயோட நிறம் சரியில்லைன்னா ஜெட்டா காத்தா, எது காரணம்னு பிரிக்கணும். நீலமா, கூர்மையா, ஓட்டைல ஒட்டி எரிஞ்சா நல்ல தீ. மஞ்சளா சோம்பேறித்தனமா ஆடிச்சுன்னா காத்து பத்தலை, கரியோட கார்பன் மோனாக்சைடும் வரும், அதை லேசா எடுத்துக்கக்கூடாது. பர்னரை விட்டு எகிறி உஸ்ஸுனு சத்தம் போட்டா காத்து ஜாஸ்தி. சில அடுப்புல மிக்ஸிங் டியூப், அதாவது கேஸும் காத்தும் கலக்கற குழாய், அதோட வாயில வட்டமா ஒரு ஷட்டர் இருக்கும், ஸ்க்ரூவைத் தளர்த்தி திருப்பினா காத்து கூடும் குறையும், அது நம்ம கோட்டுக்குள்ள வர்ற வேலை. நிறைய அடுப்புல அது இருக்கவே இருக்காது. அப்ப மிக்ஸிங் டியூபுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, ரொம்ப நாள் தொடாத பர்னர்ல சிலந்தி வலை கட்டி வச்சிருக்கும், கேலி இல்லை, காத்து போற வழியை அடைக்க அந்த வலையே போதும். காத்துல ஈரம் விடற ஹுமிடிஃபையர் ஓடுற வீட்ல தீ ஆரஞ்சா தெரிஞ்சா முதல்ல அதை நிறுத்திப் பாருங்க, தண்ணில இருக்கிற உப்பு காத்துல கலந்து எரியுறதா இருக்கும், பர்னர் மேல தப்பே இருக்காது.

இப்ப இக்னிஷன். இதுலயும் மூணு ஜாதி. பீசோ, பேட்டரி, பிளக்ல சொருகற கரண்ட் மாடல். பீசோல பட்டனை அழுத்தினா உள்ள ஒரு குட்டி சுத்தியல் ஸ்பிரிங் வேகத்துல ஒரு படிகத்தை அடிக்கும், அடிபட்ட படிகம் ஹை வோல்டேஜ் குடுக்கும். அழுத்தினா மின்சாரம் தர்ற படிகத்தை 1880லேயே கியூரி சகோதரர்கள் கண்டுபிடிச்சாச்சு. பேட்டரி வேணாம், கரண்ட் வேணாம், ஆனா ஒரு அழுத்துக்கு ஒரே ஒரு ஸ்பார்க், ஸ்பிரிங் தளர்ந்தா ரிப்பேருக்கு வழியில்லை, முழுசா மாத்தறதுதான். பேட்டரி மாடல் எனக்குப் பிடிச்சது, 1.5 வோல்ட் பேட்டரி ஒண்ணு, அதை மாட்யூல்னு உள்ள இருக்கிற ஒரு குட்டிப் பெட்டி பல ஆயிரம் வோல்ட்டா ஏத்தி டிக்டிக்டிக்னு விடாம அடிக்கும். பழுதுன்னு சொல்றதுல நிறைய, பேட்டரி செத்ததோ, கசிஞ்சு முனைல வெள்ளையா பூத்ததோதான். அதைச் சுரண்டி துடைச்சு புது பேட்டரி போட்டா ரெண்டு நிமிஷ வேலை. கரண்ட் மாடல் ஸ்பார்க் நல்லா வலுவா இருக்கும், ஆனா கரண்ட் போனா செத்தது, உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கியே ஆகணும்.

எது போச்சுன்னு கண்டுபிடிக்க மீட்டர் எல்லாம் வேணாம். நிறைய அடுப்புல ஒரு நாபைத் திருகினாலும் எல்லா பர்னர்லயும் ஒண்ணா ஸ்பார்க் வரும், மாட்யூல் ஒண்ணுதானே. மத்த பர்னர்ல வருது, ஒண்ணுல மட்டும் இல்லைன்னா அதோட எலக்ட்ரோடோ, அதாவது பர்னர் பக்கத்துல ஸ்பார்க் தாவற முனையோ, ஒயரோ போயிருக்கு. எந்த நாபைத் திருகினாலும் எதுலயும் வரலைன்னா பேட்டரி, சப்ளை, அப்புறம்தான் மாட்யூல். ஒரு நாபுக்கு மட்டும் மௌனம், வேற நாபுக்கு எல்லாம் அடிக்குதுன்னா அந்த நாபுக்கு அடில இருக்கிற ஸ்விட்ச். நாபைத் தொடாமலே நிக்காம டிக்டிக்னு அடிச்சுக்கிட்டே இருந்தா, அது துடைக்கும்போது ஸ்விட்சுக்குள்ள தண்ணி இறங்கினது. நாபை உருவிட்டு ஒரு நாள் காய விட்டா பெரும்பாலும் தானா அடங்கிடும், அவசரப்பட்டு மாட்யூல் வாங்கினவங்களை எனக்குத் தெரியும், நானும் அதுல ஒருத்தன்.

எலக்ட்ரோடா மாட்யூலான்னு சந்தேகம்னா நான் செய்யறது இதுதான். ராத்திரி, கேஸை மெயின்ல மூடிட்டு, லைட்டை அணைச்சுட்டு, நாபைத் திருகி குனிஞ்சு பார்ப்பேன். நல்ல எலக்ட்ரோட்னா முனைல இருந்து பர்னருக்கு நீல வெள்ளையா ஒரு மின்னல் தாவும், 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், காத்துல ஒரு மில்லிமீட்டர் தாவறதுக்கே தோராயமா 3000 வோல்ட் கேட்கும், அதனால முனை கொஞ்சம் வளைஞ்சு தள்ளிப் போனாலே ஸ்பார்க் சண்டித்தனம் பண்ணும். ஒரு தடவை முனைல ஒண்ணுமே இல்லை, ஆனா சத்தம் கேட்குது. கண்ணு இருட்டுக்குப் பழகினதும்தான் தெரிஞ்சுது, வெள்ளைப் பீங்கானோட இடுப்புல முடி மாதிரி ஒரு விரிசல், அதுல இருந்து அடிப் பக்கத் தகட்டுக்கு ஒரு மெல்லிசு ஊதாக் கோடு துடிச்சுக்கிட்டு இருக்கு. பகல்ல எத்தனை தடவை பார்த்தும் அந்த விரிசல் கண்ணுல படவே இல்லை. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன், சூடு ஏறினதும் விட்டுடுச்சு. எலக்ட்ரோட் மாத்தறது ஒரு கிளிப்போ ஸ்க்ரூவோ, பின்னாடி ஒரு ஒயர், அவ்வளவுதான். மாட்யூலும் கஷ்டம் இல்லை, எந்த ஒயர் எங்க இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துட்டு ஒவ்வொண்ணா மாத்தினா போதும், ஆனா மேல் தகட்டைத் தூக்கணும், அப்படித் தூக்கும்போது கேஸ் பைப்பை இழுத்துடக்கூடாது.

இல்ல எதுக்கு இந்த வம்பு, கை லைட்டர் வச்சுப் பத்த வச்சா போதாதான்னு கேட்டா, தாராளமா போதும். முதல்ல லைட்டரைத் தட்டிக்கிட்டே நாபைத் திறக்கணும், கேஸைத் திறந்து விட்டுட்டு லைட்டரைத் தேடக்கூடாது.

பத்துது, ஆனா நாபை விட்டதும் அணைஞ்சு போகுதுன்னா அது இக்னிஷன் கதையே இல்லை, சேஃப்டி. எலக்ட்ரோடுக்குப் பக்கத்துல வெள்ளைப் பீங்கான் இல்லாம வெறும் உலோகமா இன்னொரு முனை நிக்கும், அது தெர்மோகப்புள். தீ சுட்டா அதுல சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும், அந்தத் துளி மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடிச்சு வச்சிருக்கும், தீ அணைஞ்சா வால்வு தானா மூடிக்கும். முனைல கரி படிஞ்சிருந்தா நைஸ் உப்புத்தாளால லேசா தேய்ச்சு விட்டு, நாபை ஒரு அஞ்சு பத்து செகண்ட் சேர்த்து அழுத்திப் பிடிச்சுப் பாருங்க. சரியாகலைன்னா மாத்தணும், அதோட மறுமுனை பல மாடல்ல வால்வுல நட்டு போட்டு முறுக்கியிருக்கும், ஸ்பானர், ஆகவே நான் இல்லை. அணையுது தொல்லைன்னு அதை பைபாஸ் பண்ணித் தரச் சொல்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அதைக் கேட்காதீங்க.

ஸ்பானர் பக்கம்னா வால்வு, ஜெட் மாத்தறது, பைப் ஜாயிண்ட். நாப் இறுகிப் போனா வால்வைப் பிரிச்சு கிரீஸ் வைக்கலாம்னு சொல்வாங்க, அதுக்குன்னு சூடு தாங்கற தனி கிரீஸ் இருக்கு, கண்ட எண்ணெயை விட்டா காஞ்சு இன்னும் இறுகும், பிரிச்சதைச் சரியா மூடலைன்னா கசியும். எல்பிஜில இருந்து பைப் கேஸுக்கு மாறும்போது ஜெட்டும் மாத்தணும், ரெண்டுக்கும் ஓட்டை அளவே வேற, எல்பிஜிக்கு சின்னது, பைப் கேஸுக்கு பெருசு. பழைய ஜெட்டை துளை போட்டு பெருசாக்கறது எல்லாம் வேணாம். கசிவு எங்கன்னு தேடறதுக்கு நெருப்புக்குச்சி காட்டறவங்க இன்னமும் இருக்காங்க, சோப்புத் தண்ணியைத் தடவினா முட்டை விடும், அதுவே சொல்லிடும். வாசனை வந்தா ஸ்விட்ச் எதையும் தொடாம, மெயினை மூடி ஜன்னலைத் திறங்க. எல்பிஜி காத்தைவிட கனம், தரையோட தரையா தேங்கும், அதனால கதவையும் சேர்த்துத் திறந்து விடுங்க. பைப் கேஸ் லேசு, மேல போயிடும்.

என் அடுப்புல மூணாவது பர்னர் எலக்ட்ரோட் ரெண்டு வாரமா செத்துக் கிடக்கு. அதே மாடலுக்கு ரெண்டு நீளத்துல வருதாம், பழசைக் கழட்டி ஸ்கேல் வச்சு அளந்து எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியாச்சு, அது வர்ற வரைக்கும் லைட்டர்தான்.