நான்கு சக்கர லீவர் இறுகினால்: பின்னோக்கி உருட்டுவதா, அடியில் படுத்துப் பார்ப்பதா, பெட்டியைப் பிரிப்பதா?

மணலில் ஓட்டிவிட்டு தனுஷ்கோடி தார்ச்சாலையில் ஏறியதும், 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும்) நிலையிலிருந்து 2எச் (பின் இரு சக்கரம் மட்டும் இழுக்கும்) நிலைக்கு லீவர் வர மறுக்கிறது. சில நேரங்களில் லீவர் வந்துவிடும், ஆனால் டாஷ்போர்டில் 4எச் விளக்கு அணையாது. இப்போது மூன்று வழிகள் உண்டு. வண்டியை உருட்டி இறுக்கத்தைத் தளர்த்தலாம். அடியில் படுத்து லீவரின் இணைப்புக் கம்பியைச் சோதிக்கலாம். எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்து தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிப் பிரிக்கலாம். பட்டறைக்குப் போனால் பேச்சு பெரும்பாலும் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறது. அது தலைகீழ் வரிசை என்று உறுதியாகச் சொல்வேன்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற வண்டிகளில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக. நடுவில் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் இல்லாததால் இந்த வித்தியாசம் போக வழியின்றி, அச்சுகளைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. அந்த முறுக்கு, பெட்டிக்குள் இரண்டையும் இணைக்கும் வளையத்தின் பற்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது. எதுவும் உடையவில்லை, வளையம் நகர முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

2017இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் முன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான். மணலில் சக்கரம் வழுக்குவதால் முறுக்கு சேராது. இன்று தாரும், காற்று அதன் மேல் கொண்டுவந்து கொட்டும் மணலும் மாறி மாறி வருகின்றன. மணல் திட்டு ஒன்றைத் தாண்டப் போட்ட 4எச் நிலையிலேயே பலர் தாரில் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். மணலுக்காகப் பின் டயர்களில் மட்டும் காற்றைக் குறைத்தாலும், முன்னே புது டயர், பின்னே தேய்ந்த டயர் என்று இருந்தாலும், நேர்ச்சாலையில்கூட இதே முறுக்கு சேரும்.

இதற்கு மருந்து எளிது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, சில மீட்டர் பின்னோக்கிப் போக வேண்டும். போகும்போதே ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து, லீவரை மெதுவாக 2எச் பக்கம் அழுத்த வேண்டும். விடவில்லை என்றால் சாலையோர மணலில் இறக்கி அதையே செய்ய வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. லீவரை இரு கையாலும் பிடித்து இழுக்கவோ காலால் உதைக்கவோ வேண்டாம். உள்ளே அந்த வளையத்தை நகர்த்தும் ஃபோர்க் வளைந்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்களாவோம். 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் நிலை) விஷயம் தனி: வண்டியை முழுதும் நிறுத்தி, பிரதான கியரை நியூட்ரலில் வைத்தால்தான் அது ஒழுங்காக விழும், ஒழுங்காக வெளியேறும்.

உருட்டியும் விடவில்லை என்றால், அல்லது பல மாதம் தொடாத லீவர் முதல் முயற்சியிலேயே அசையவில்லை என்றால், சந்தேகம் உப்பின் மேல் போக வேண்டும். தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை கடலோரமாகவே நிற்கும் வண்டிகளின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். லீவரின் அடி மூட்டு, கம்பியின் முனைகள், மூட்டுக்குள் இருக்கும் சிறு உருளைகளான புஷ்கள் எல்லாம் துருவால் வீங்கியிருக்கும்.

இங்கே ஒரு சோதனை எல்லாவற்றையும் தீர்த்துச் சொல்லிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியே நீட்டியிருக்கும் சிறு கையிலிருந்து இணைப்புக் கம்பியைக் கழற்றி, அந்தக் கையைத் தனியாக அசைத்துப் பாருங்கள். கை எளிதாக நகர்ந்தால் பெட்டி நலம், பழுது வெளியே. துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊற விட்டு, தேய்ந்த புஷ்களை மாற்றி, கிரீஸ் வைத்தால் வேலை முடிந்தது. கவனம்: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போய்விட்டால், பிரதான கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்காமல், ஹேண்ட் பிரேக் போடாமல் அடியில் நுழையவே கூடாது.

லீவருக்குப் பதில் திருகு குமிழ் உள்ள வண்டிகளில் இந்தக் கம்பி கிடையாது. ஒரு சிறு மோட்டார் மாற்றிக் கொடுக்கிறது. ஓட்ட வசதி அதிகம்தான். ஆனால் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தால் முதலில் பேட்டரி, ஃபியூஸ், பிறகு பச்சை பூத்த கனெக்டர் (மின்கம்பி இணைப்பு) என்று தேட வேண்டும். துரு கண்ணுக்குத் தெரியும், ஸ்பானரால் தீரும். கனெக்டருக்குள் நுழைந்த உப்பு அப்படியல்ல. இந்தக் கடற்கரையில் வாழ்பவருக்கு நான் லீவர் வண்டியைத்தான் சொல்வேன்.

இறுகியது பிரதான கியர் என்றால் வழி வேறு. எஞ்சினை அணைத்துவிட்டு கியரைப் போட்டுப் பாருங்கள். அணைத்தால் விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் குற்றவாளி கிளட்ச். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க் நிலையை விட்டு நகரவில்லை என்றால், பிரேக் மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தச் சுவிட்ச் கெட்டாலே லீவர் பூட்டிக்கொள்ளும்.

அடியைக் கழுவுவதிலும் ஒரு கவலை இருக்கிறது. உப்புக் கரிக்கும் போர்வெல் நீரால் கழுவுவது உப்பின் மேல் உப்பைத் தடவுவதே. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் கழுவி, காய்ந்தபின் மூட்டுகளுக்கு கிரீஸ் வையுங்கள். மாதம் ஒருமுறை மணலில் 4எச் போட்டு எடுப்பதும் மூட்டுகளை இறுக விடாது.

கம்பியைக் கழற்றிய பிறகும் கை அசையாவிட்டால் மட்டுமே மூன்றாவது வழி. அப்போதும் பிரிக்கும் முன் எண்ணெயைப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எண்ணெய் வடிக்கும் காந்தத் திருகில் மெல்லிய சாம்பல் பொடி ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் கிடந்தால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். எண்ணெயை வடிக்கும்போது மேலே உள்ள நிரப்பும் திருகைத்தான் முதலில் கழற்றச் சொல்லுங்கள். கீழ்த் திருகைத் திறந்து எல்லாம் வடிந்தபின் மேல் திருகு துருவில் இறுகியிருப்பது தெரிந்தால், புது எண்ணெய் ஊற்ற வழியில்லாமல் வண்டி பட்டறையிலேயே நின்றுவிடும்.