ஹார்மோன் டீடாக்ஸ் 'கிட்'ட நம்பி தைராய்டு மாத்திரைய நிறுத்துன கதை, வாங்குற ஐடியால இருக்கவங்க படிச்சிருங்க

பதிவு கொஞ்சம் பெருசு, பொறுத்துக்கோங்க. கம்பெனி பேர் கேக்காதீங்க, போட மாட்டேன், கம்ப்ளெயின்ட் ஓடிட்டு இருக்கு. அது போக, இதே சரக்க ஆளாளுக்கு ஒரு லேபிள் ஒட்டி வித்துட்டு தான் இருக்காங்க.

எனக்கு 38 வயசு, திண்டுக்கல். ரெண்டாவது பாப்பா பொறந்ததுல இருந்து தைராய்டு, கம்மியா சுரக்குற வகை. அஞ்சு வருஷமா தைரோநார்ம் 75ன்னு தைராய்டு ஹார்மோன் மாத்திரை போடுறேன். ஆனா டிஎஸ்எச் (ரத்த டெஸ்ட்டுல பாக்குற அளவு, தைராய்டு சுரக்கறது கம்மியானா இது ஏறும்) ஒரு தடவ 4 வரும், அடுத்த தடவ 8க்கு போயிரும், நிலையா நிக்காது. முடி கொத்து கொத்தா சீப்புல வருது, ஜாக்கெட் எல்லாம் பிரிச்சு தைக்க வேண்டியதாயிருச்சு. சலிச்சு போயி இருந்த நேரத்துல தான் ஃபோன்ல அந்த வீடியோ. காட்டன் புடவை, பின்னாடி துளசி மாடம், "மாத்திரை ஆயுசுக்கும் போடணும்னு யாரு சொன்னா? லிவர்ல தேங்குன விஷம் தான் உங்க ஹார்மோன அடைச்சு வச்சிருக்கு, அத வெளிய தள்ளுங்க"ன்னு ஒரு பொண்ணு அவ்ளோ அமைதியா பேசுது. பாட்டி காலத்து முறைன்னு வேற சொல்லிச்சா, விழுந்துட்டேன். எங்க பாட்டி வருஷத்துக்கு ரெண்டு தடவ மூக்க புடிச்சு விளக்கெண்ணெய் ஊத்துனத தவிர வேற ஒன்னும் பண்ணல, அது எனக்கு அப்ப ஞாபகம் வரல பாருங்க.

90 நாள் பேக்கேஜ் 11,800 ரூபா. பத்தாயிரம், மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியாம். ஜிபேல அனுப்புனது யாரோ ஒரு தனி ஆள் பேருக்கு, பில்லு இன்னிக்கு வரைக்கும் வரல. கிட்டுல மூணு ஐட்டம். காலைல வெண்பூசணி ஜூஸ்ல கலக்கி குடிக்க ஒரு பச்சை பொடி, நைட்டு ஒரு டீ, அப்புறம் முடிக்கு நகத்துக்குன்னு ஸ்ட்ராபெர்ரி வாசத்துல கம்மீஸ், மெல்லுற மிட்டாய் மாதிரி. டப்பா அடில எறும்பு சைஸ்ல மருந்தா பயன்படுத்த கூடாதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. 14 இலக்கத்துல ஃபுட் லைசென்ஸ் நம்பர் மட்டும் தான் இருக்கு, சித்தா, ஆயுர்வேத மருந்துக்கு குடுக்குற ஆயுஷ் லைசென்ஸ் கிடையாது, அதாவது சட்டப்படி அது ஒரு தின்பண்டம் மாதிரி தான். இதெல்லாம் காசு போனப்புறம் உக்காந்து படிச்சது.

கோச்சுன்னு ஒரு பொண்ணு வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பும். "சிஸ், மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்க, பத்தாவது நாள் ஸ்டாப் பண்ணிருங்க, டாக்டர்ட்ட சொன்னா பயமுறுத்துவாங்க." வீட்டுல பாக்கெட் உப்ப தூக்கி போட்டுட்டு இந்துப்பு வாங்க சொல்லிச்சு, அதையும் செஞ்சேன்.

மொத வாரம் அமர்க்களம். விடியக்காலைல வயித்த கலக்கி நாலு தடவ போகும், ரெண்டு கிலோ குறைஞ்சுது, நான் ஆஹா ஓஹோன்னு குரூப்ல போட்டோ போட்டேன். அந்த டீல இருந்தது நிலாவரை, நாட்டு மருந்து கடைல மலச்சிக்கலுக்கு குடுப்பாங்களே அதே தான். போனது பூரா தண்ணி.

மாத்திரைய விட்டும் மூணு நாலு வாரம் பெருசா ஒன்னும் ஆகல, அதனால தான் இன்னும் நம்புனேன். இப்ப தெரியுது, அந்த மருந்து ரத்தத்துல பாதியா குறையவே ஒரு வாரம் எடுக்குமாம், பழைய கையிருப்புல வண்டி ஓடிருக்கு. ஆறாவது வாரம் டெஸ்ட் எடுத்தா டிஎஸ்எச் 3.1, நார்மல். நான் அழுதுட்டேன் சந்தோஷத்துல. கோச் என் ரிப்போர்ட்ட பேர மறைச்சு குரூப்ல போட்டு கை தட்ட வச்சுச்சு. அதே ஜோருல எங்க வீட்டுக்காரரோட அக்கா, என் மதினி, அவங்களுக்கும் தைராய்டு, அவங்களையும் சேத்து விட்டேன். சேத்து விட்டதுக்கு எனக்கு ஆயிரம் ரூபா கேஷ்பேக் வேற.

அதுக்கப்புறம் தான் ஆரம்பிச்சுது. குரல் ஆம்பள குரல் மாதிரி கரகரன்னு ஆயிருச்சு, காலைல எந்திரிச்சா கண்ணு ரெண்டும் வீங்கி இருக்கும், பீரியட்ஸ் பன்னெண்டு நாள் நிக்காம போச்சு. ஏப்ரல் மாசம், திண்டுக்கல் வெயிலு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நான் ஃபேன அமத்திட்டு போர்வைய போத்திட்டு படுக்கறேன், பிள்ளைங்க வேர்வைல நனைஞ்சு கத்துதுங்க, எங்க வீட்டுக்காரர் ஃபேன போட, நான் அமத்த, நடு ராத்திரி சண்டை. கோச்சுட்ட சொன்னா "சூப்பர் சிஸ், விஷம் வெளிய போகுது, ஹீலிங் க்ரைசிஸ் இது"ன்னு ஒரு ஹார்ட்டு. ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து வர்ற பஸ்ல தூங்கி வத்தலகுண்டுல போயி இறங்குனேன். அன்னிக்கு தான் பழைய டாக்டர்ட்ட போனேன், அந்த 3.1 ரிப்போர்ட்ட எடுத்துட்டு.

அவரு ரிப்போர்ட்டயும் பாத்தாரு, என் மூஞ்சியையும் பாத்தாரு. "ரெண்டும் ஒத்து வரலையேம்மா, வேற என்ன சாப்புடுற?"ன்னு கேட்டாரு. டப்பாவ காட்டுனேன். கம்மீஸ் டப்பாவ திருப்பி ஒரு வரிய நகத்தால தொட்டு காட்டுறாரு, பயோட்டின்னு ஒரு விட்டமின், ஒன்னுல 5 மில்லிகிராம், நான் தினம் ரெண்டு தின்னுருக்கேன். இது உடம்புல இருந்தா சில லேப் மெஷினு டிஎஸ்எச்ச கம்மியா தப்பா காட்டுமாம், டி4ங்கற தைராய்டு ஹார்மோன அதிகமா காட்டுமாம், லேப்காரங்க மேல தப்பு இல்லன்னாரு. கம்மீஸ நிறுத்திட்டு மூணு நாள் கழிச்சு அதே லேப்ல எடுத்தோம். 46. நாப்பத்தாறுங்க!

திட்டுவாருன்னு நெனச்சேன், திட்டல. "ஹார்மோன உடைச்சு வெளிய தள்ற வேலைய லிவரும் கிட்னியும் தினம் பாத்துட்டு தான் இருக்கு. உனக்கு சுரக்குறதே பத்தல, இதுல எத வெளிய தள்ள போற?"ன்னாரு. அப்புறம் மாத்திரைய எப்படி போடுவன்னு கேட்டாரு. காலைல காபியோட தான், அதுக்கு பின்னாடியே சுண்ணாம்பு சத்து மாத்திரை, அப்படித்தான் அஞ்சு வருஷமா. தலைல கைய வச்சுக்கிட்டாரு. வெறும் வயித்துல தண்ணில போடணும், காபிக்கு முக்கா மணி நேரமாச்சும் கேப்பு விடணும், கால்சியம், அயர்ன் மாத்திரைக்கு நாலு மணி நேரம். என் டிஎஸ்எச் ஆட்டம் போட்டதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னாரு. காசு பைசா செலவில்லாத பழக்கம், இத யாராச்சும் வீடியோ போட்டிருந்தா நான் பாத்திருப்பேனான்னு தெரியல. உப்பையும் அயோடின் உப்புக்கே மாத்த சொல்லிட்டாரு, இந்துப்புல அயோடின் ரொம்ப கம்மியாம், வீட்டுல வளர்ற பிள்ளைங்க இருக்கு.

மாமா பையன் ஒருத்தன் வக்கீல். மாதவிடாய் கோளாற சரி பண்றேன்னு மருந்து விளம்பரம் பண்றதே 1954ல வந்த மருந்து விளம்பர சட்டப்படி குத்தம்னான், இவங்க வீடியோவுல மூச்சுக்கு மூச்சு அதத்தான் சொல்றாங்க. 1915க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சிருக்கேன். வீடியோ, வாய்ஸ் நோட், ஜிபே ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சுட்டு தான் குரூப்ல கேள்வி கேட்டேன், கேட்ட ரெண்டாவது நிமிஷம் தூக்கிட்டாங்க. நீங்களும் மாட்டியிருந்தா மொதல்ல சேவ் பண்ணிக்கோங்க, அப்புறம் சண்டை போடுங்க. ரீஃபண்டுக்கு "ப்ராசஸ்ல இருக்கு சிஸ்" தான் பதில்.

மதினிக்கு, டாக்டர் சொன்ன அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணிட்டேன். மாத்திரைய விட்டு ஒம்போது நாள் தான் ஆயிருந்துச்சு, மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ஆயிரத்த அவங்களுக்கு அனுப்புனேன், திருப்பி எனக்கே போட்டு விட்டாங்க, ஒரு வார்த்த பேசல. ஆறு வாரம் கழிச்சு நாளைக்கு அவங்களுக்கு டெஸ்ட்டு. கம்மீஸ் தொடலைல்லன்னு மெசேஜ் போட்டு கேட்டேன், குப்பைல போட்டாச்சுன்னு மட்டும் பதில் வந்துச்சு. காலைல ஏழு மணிக்கு நானே வண்டி எடுத்துட்டு போயி வாசல்ல நிக்கலாம்னு இருக்கேன்.