சிங்தாவா, ஹாங்காங்கா: சுங்கத்தை நன்றாகக் கையாண்டது யார்?

1898-இல் சீனா இரண்டு துறைமுகப் பகுதிகளை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சிங்தாவ் ஜெர்மனிக்கு, ஹாங்காங்கை ஒட்டிய 'நியூ டெரிட்டரீஸ்' பிரிட்டனுக்கு. குத்தகை நிலத்தில் சீனச் சுங்கத்துக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு இரண்டு பேரும் நேரெதிரான பதில் சொன்னார்கள்.

ஹாங்காங்கில் பிரிட்டன் சீனச் சுங்கச் சாவடிகளை வெளியே தள்ளியது. 1887 முதல் அபினையும் பாய்மரப் படகுகளையும் கண்காணித்து வந்த கௌலூன் சுங்கத்தின் (ஹாங்காங்கை ஒட்டிய சீனச் சுங்கக் கிளை) சாவடிகள் 1899 அக்டோபரில் குத்தகை எல்லைக்கு அப்பால் போயின. தீவுகளும் வளைகுடாக்களும் நிறைந்த அந்தக் கடலில், எல்லைக்கு வெளியே நின்று எத்தனை படகைத்தான் பிடிப்பது? கடத்தல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! இரு தரப்பும் சுங்க ஒப்பந்தம் போட 1948 ஆகிவிட்டது.

ஜெர்மனியோ அதே 1899-இல் சீனச் சுங்க அலுவலகத்தைச் சிங்தாவுக்குள்ளேயே வைக்க ஒப்புக்கொண்டது. ஆணையர் ஓல்மர் ஜெர்மானியர். சம்பளமும் உத்தரவும் சீனச் சுங்கத்துறையிலிருந்து. முதலில் குத்தகைப் பகுதி முழுவதுமே வரியில்லாப் பகுதி. சரக்கு உள்நாட்டுக்குள் நுழையும்போதுதான் வரி. 1905 ஒப்பந்தம் அந்தச் சலுகையைத் துறைமுக வளாகத்துக்குள் சுருக்கியது. பதிலுக்கு இறக்குமதி வரியில் 20 சதவீதம் ஜெர்மன் நிர்வாகத்துக்கு. வரி வசூலானால் தனக்கும் பங்கு என்றபின் கடத்தலுக்குக் கண்ணை மூடுவானேன்?

என் ஓட்டு சிங்தாவ் ஏற்பாட்டுக்கே. ஜெர்மானியர் நல்லவர்கள் என்பதற்காக இல்லை, கணக்குத் தெரிந்தவர்கள்.